புதுப்பிப்பு: கமரா கழகப் போட்டிக்கு நடுவராகப் போகலாமா என்று கேட்டிருந்தேன்

சம்பளமில்லாத வேலை, படம் எடுக்கத் தெரிந்தால் மட்டும் போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். போனேன், இன்னும் போகிறேன். “மூத்த நடுவருக்குப் பக்கத்தில இருந்து, பேப்பரில புள்ளி போட்டுப் பழகுங்கோ” என்று இங்கே ஒரு அக்கா சொன்னதுதான் கைகொடுத்தது.

ஆகக் கஷ்டம் இயற்கைப் பிரிவு. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டையில் திரியும் மான் ஒன்றின் படம் வந்தது. காலை வெயிலில் காதோர மயிர்கூட எண்ணலாம். ஆனால் பின்னால் ஓட்டோச் சில்லு. பிஎஸ்ஏ (அமெரிக்கா), ஃபியாப் (சர்வதேசக் கூட்டமைப்பு), ஆர்பிஎஸ் (பிரித்தானியா) என்ற மூன்று புகைப்பட அமைப்புகளும் இயற்கைப் படத்துக்கு 2015இல் கொண்டுவந்த பொது வரையறையைத்தான் எங்கட கழகமும் பின்பற்றுகிறது. அதன்படி, படம் சொல்லும் இயற்கைக் கதைக்குத் தேவையில்லாத, மனிதர் செய்த பொருள் படத்தில் நிற்கக்கூடாது. ஓரத்தை வெட்டலாம், சில்லை மென்பொருளில் துடைக்க ஏலாது. இந்தச் சில்லோ மானின் காலுக்கு நேர் பின்னால்! புள்ளியைக் குறைத்தேன். ஏன் என்று சபையில் சொல்லவும் வேண்டியிருந்தது. எடுத்த தம்பிக்கு முகம் சுருங்கியது, பிறகு வந்து எந்தப் பக்கம் நகர்ந்திருக்கலாம் என்று கேட்டார்.

கோணேசர் மலைச் சூரிய உதயம் ஒவ்வொரு முறையும் வரும். பார்த்துச் சலித்த கண்ணால் புள்ளி போடுவது அநியாயம். அதனால் வெளிச்சம் விழுந்த இடத்தை முதலில் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் புள்ளிக்குப் போகிறேன்.

அடுத்தது கறுப்பு வெள்ளைப் பிரிவு. புரொஜெக்டரில் நிழல்கள் ஒரேயடியாய் இருட்டாகத் தெரிகின்றன. எப்படிச் சரிப்படுத்துகிறீர்கள்?