மறு: அறுவைக்குப் பின் முதியோருக்கு ‘பொருந்தா மருந்து’ – சொல் சரிதானா?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். முதியோருக்கு நன்மையைவிடத் தீமை கூடுதலாகச் செய்யக்கூடிய மருந்துகளை ஆங்கிலத்தில் ‘பொட்டென்ஷியலி இன்அப்ரோப்ரியேட் மெடிகேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இழையில் வந்த கருத்துகளுக்கு என் மறுமொழி இது.

> ‘பொட்டென்ஷியலி இன்அப்ரோப்ரியேட் மெடிகேஷன்’ என்பதற்குப் ‘பொருந்தா மருந்து’ என்றே வைத்துவிடலாம். சுருக்கமாக இருக்கிறது.

சுருக்கம் சரி ஐயா. ஆனால் மருந்தகத்தில் ‘பொருந்தாமை’க்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. ஒரே டிரிப்பில் இரண்டு மருந்து கலந்து திரிந்துபோவதைத்தான் நாங்கள் அப்படிச் சொல்கிறோம். ‘ஒவ்வா’வை அலர்ஜி எடுத்துக்கொண்டது. ‘தகா’ என்றால் தகாத உறவுதான் நினைவுக்கு வருகிறது. ‘ஆகா மருந்து’ எனக்கு ரொம்பவே பிடித்தது, ‘உடம்புக்கு ஆகாது’ என்று வீட்டில் பேசுகிற சொல். முன்மொழிந்த அம்மா மன்னிக்க வேண்டும், தாளில் எழுதிப் பார்த்தால் மருந்தைப் பாராட்டுவது போலத் தெரிகிறது!

எனக்கு இடிப்பது ‘பொட்டென்ஷியலி’தான், அதாவது ‘இருக்கக்கூடும்’ என்கிற பகுதி. அதை அலங்காரச் சொல் என்று நினைத்து விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும். 1991இல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது குழுவினரும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இருப்பவர்களுக்காக ஒரு பட்டியல் போட்டார்கள். இப்போது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்து வருகிறது, 2023இலும் ஒரு பதிப்பு வந்தது. 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. அது தடைப் பட்டியல் அல்ல. எழுதும் முன் ஒருமுறை நின்று யோசி என்கிற பட்டியல்.

அறுவை சிகிச்சை வார்டில் இதன் அருமை தெரியும். இடுப்பெலும்பு முறிந்து அறுவை முடிந்த பாட்டிக்கு வலி என்றால் பெத்திடின், வாந்தி வராமலிருக்கக் கூடவே புரோமெத்தசின், இரவில் தூங்கவில்லை என்றால் டயசிபாம். நாற்பது வயதுக்காரர் இதைத் தாங்கிக்கொண்டு போய்விடுவார். பாட்டிக்கு அப்படியில்லை. பெத்திடின் உடைந்து உண்டாகும் நார்பெத்திடின், சிறுநீரகம் தளர்ந்த உடம்பில் தேங்கி நடுக்கம், குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். புரோமெத்தசின், நினைவுக்கும் கவனத்துக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளை மூளையில் மறிக்கிறது. மூப்பில் அதற்கு ஏற்கெனவே பஞ்சம். சிறுநீர் கட்டிக்கொள்வதும் மலச்சிக்கலும் கூடுதல் இலவசம். டயசிபாமின் அரை ஆயுளைப் பற்றி, அதாவது உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தைப் பற்றி, ஒரு பழைய கணக்கு உண்டு: வயது எவ்வளவோ, ஏறக்குறைய அத்தனை மணி நேரம். எண்பது வயதில் போட்ட மாத்திரை மூன்று நாள் கழித்தும் பாதி உள்ளேயே இருக்கும். மூன்றாம் நாள் பாட்டி மகனை யாரென்று கேட்பார், டிரிப்பைப் பிடுங்குவார், எழுந்து நடக்கப் பார்த்து மறுபடி விழுவார். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று குடும்பமும் சொல்லும், சில சமயம் டியூட்டி டாக்டரும் சொல்வார்.

இனி மறுபக்கம். பதற்றத்துக்குத் தரும், டயசிபாம் வகையைச் சேர்ந்த அல்பிரசோலத்தைப் பல வருடமாகச் சாப்பிட்டு வந்தவர் அறுவைக்கு வருகிறார். பட்டியலில் இருக்கிறதே என்று அன்றைக்கே நிறுத்தினால், நிறுத்தியதாலேயே நடுக்கமும் குழப்பமும் வலிப்பும் வரலாம். ‘ஆகா’, ‘தகா’ என்று முத்திரை குத்திவிட்டால் இந்த இடத்தில் அந்தச் சொல்லே ஆபத்து. அட்ரோபின், கிளைகோபைரோலேட் இரண்டும் அசிட்டைல்கோலினை மறிக்கிற ஒரே வேலையைச் செய்பவை என்றாலும், பின்னது மூளைக்குள் அவ்வளவாக நுழையாது. ஆக, குற்றம் மருந்தில் மட்டும் இல்லை. எந்த மருந்து, எந்த உடம்பு, எந்த நாள் என்பதில் இருக்கிறது.

அதனால் என் பரிந்துரை: ‘முதுமைத் தயக்க மருந்து’. தயங்கியபின் கொடுக்கவும் செய்யலாம், விடவும் செய்யலாம். இரண்டுக்கும் சொல் இடம் தருகிறது. ‘தயங்கு மருந்து’ என்று வினைத்தொகையாக்கலாம்தான், ஆனால் மருந்தே தயங்குவது போல ஆகிவிடும் என்று இலக்கணக்காரர்கள் என்னைப் பிடிப்பார்கள்.

> வெறும் ‘இடர் மருந்து’ என்றால் என்ன?

எல்லா மருந்திலும் இடர் உண்டே. ரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரினும் இன்சுலினும் எந்த வயதிலும் இடர்தான். இது வயதைச் சார்ந்தது என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்.

டிஸ்சார்ஜ் சீட்டில் மட்டும் கலைச்சொல் வேண்டாம். ‘இந்த வயதில் யோசித்துத் தர வேண்டிய மருந்து, நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் கடையில் தொடர்ந்து வாங்கவும் வேண்டாம்’ என்று எழுதினால் போதும்.

டீபிரிஸ்க்ரைபிங்குக்கு (தேவையற்ற மருந்துகளை மருத்துவர் பார்த்துக் குறைப்பது அல்லது நிறுத்துவது) ‘மருந்து நீக்கம்’ என்று போட்டிருப்பதைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள். அங்கே எனக்குச் சண்டை இன்னும் பெரிது.

அன்புடன்,
வார்டு மருந்தாளுநர்