நாகர்கோவில்ல 8 சென்ட்ல பொதுத் தோட்டம், பிளான் சரியா வருமா?

விளைக்காரன்:
வடசேரி பக்கம் எங்க தெருவுக்குப் பொதுவா 8 சென்ட் சும்மா கெடக்கு, ஓரத்துல ஒரு பழைய கான்கிரீட் கட்டடமும் உண்டு. தெருக்காரங்களும் பக்கத்து ஸ்கூல் பிள்ளைங்களும் சேந்து வெவசாயம் பண்ணிப் படிக்கிற மாதிரி ஒரு சென்டர் ஆக்கணும்னு பேச்சு. வரைஞ்சு தந்த பிளான்ல மாடி ஃபுல்லா மண் பாத்தி, கீழ ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணில்லாம சத்துத் தண்ணிலயே செடி வளக்குறது. பாக்க ஜோராத்தான் இருக்கு, நடக்குமா?

தோவாளை செல்வி:
மாடில மண் பாத்தி வேண்டாம்ணே. ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கே சதுர மீட்டருக்கு 150 கிலோதான் கணக்கு, ஈர மண்ண ஒரு அடி கொட்டுனா 500 கிலோ கிட்ட வந்துரும், இதுல பழைய கட்டடம் வேற. கோகோபிட்ட, அதான் தேங்கா நார்த் தூள, நல்லா அலசி உப்பு போக்கி தொழுவுரம் கலந்து பைல போட்டு பீம் போற வரிசைல மட்டும் வைங்க, அதையும் ஒரு இன்ஜினியர்ட்ட காட்டிட்டு. மிச்ச மாடி மழைவெள்ளம் பிடிக்கத்தான். 1000 சதுர அடில 1 செ.மீ மழைக்கு 900 லிட்டர் தாண்டும், நமக்கு ரெண்டு பருவமழையும் உண்டே.

மார்த்தாண்டம் வாத்தியார்:
பிளான்ல யாரும் காலண்டர பாக்கல போல. ஏப்ரல், மே மாசம் ஸ்கூல் லீவு, வெயிலும் அப்பந்தான், செடிக்குத் தண்ணி கோர ஆளு இருக்காது. ஜூன்ல பிள்ளைய வரும்போ மழையும் வந்துரும், அப்ப கீரை வெதச்சா அழுகும், மேல ஒரு ஷீட் வேணும். அதனால பயிர ஸ்கூலுக்குத் தக்கன வைங்க. ஆடி ஆவணில சிறுகிழங்கு கொடி நட்டா பொங்கலுக்குள்ள பிடுங்கலாம். அதவிட நல்லது பனங்கொட்டை, செலவே இல்ல, ஆவணி புரட்டாசில மண்ணக் குவிச்சு நெருக்கி அடுக்கி மூடி விட்டா தைக்கு கிழங்கு. பிடுங்குற அன்னைக்கு கொட்டைய வெட்டிப் பாத்தா உள்ள வெள்ளையா தவுண் இருக்கும், அதத் தின்னுட்டே முளை எங்கேருந்து சாப்பாடு எடுத்துதுன்னு பிள்ளைய கேக்கும் பாருங்க, போர்டுல எழுதிப் போட்டு அந்தக் கேள்விய வரவைக்க முடியாது கேட்டியளா.

குமரிமக்கா:
ஹைட்ரோபோனிக்ஸ் பாக்க ஒரு ஸ்டாண்டு போதும் மக்கா. கரண்ட் போயி மோட்டார் நின்னா பைப்புல வேரு காஞ்சிரும். மண் டெஸ்ட்டுக்கு திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்துல கேளுங்க.

விளைக்காரன்:
சரி, மாடி பாத்திய பிளான்லேருந்து எடுத்தாச்சு, மழைத்தண்ணிக்குத் தொட்டி போடுறோம். கொசுவலை கட்டணும்லா. லீவுல சாவி யார்ட்ட இருக்கணும்னுதான் இப்ப தெருவுல சண்ட.