ட்ரேஸ் ஃபாசிலுக்கு ‘தடப்படிவம்’ வச்சுக்கலாமா?

வணக்கம். ட்ரேஸ் ஃபாசிலுக்கு, அதாவது பழங்கால உயிரிங்க விட்டுட்டுப் போன காலடி, பொந்து மாதிரியான தடம் கல்லாகிக் கிடைக்கறதுக்கு, ‘சுவட்டுப் புதைபடிவம்’னு ஐயா போன மடல்ல எழுதியிருந்தாங்க. காலடிச் சுவடுன்னு எல்லாரும் சொல்றதுதான், கேக்கவும் நல்லாருக்கு. ஆனா இலங்கைப் பாடநூல்கள்ல பொதுவா ஃபாசிலுக்கே ‘உயிர்ச்சுவடு’ன்னு எழுதறாங்க, அதைப் படிச்சு வளர்ந்தவங்க நம்ம சொல்லைப் பாத்தா எலும்பு, ஓடு எல்லாத்தையும் சேர்த்துத்தான் நினைப்பாங்க. அதனால நான் ‘தடப்படிவம்’னு முன்மொழியறேன், உடம்போட பாகமே கிடைச்சா அது ‘உடற்படிவம்’.

இந்த ரெண்டையும் பிரிச்சுக் காட்டியே ஆகணும், ஏன்னா தடப்படிவத்துல விலங்கு இருக்காது, அது செஞ்ச வேலை மட்டும்தான் இருக்கும். மண்ல வண்டித்தடத்தப் பாத்தா வண்டி போயிருக்குன்னு தெரியும், எந்த வண்டின்னு உறுதியா சொல்ல முடியாதில்லையா, அதே கதைதான் இங்கயும். கேம்ப்ரியன் காலத்தோட தொடக்கத்த, அதாவது சுமார் 53.9 கோடி வருசத்துக்கு முந்தி, எத வச்சு குறிக்கறாங்க தெரியுமா? கனடாவுல நியூஃபவுண்ட்லாந்து பாறையில இருக்கற ட்ரெப்டிக்னஸ் பீடம்ங்கற வளைத்தடத்த (வளைன்னா தோண்டின பொந்து) வச்சுத்தான். ஏதோ புழு மாதிரி ஒண்ணு சேத்துக்குள்ள போய்ப்போய் மேல எட்டிப் பாத்த தடம் அது, தோண்டின உயிரி எதுன்னு இன்னிக்கும் உறுதியாத் தெரியாது, ஆனா பூமி வரலாற்றுல ஒரு பெரிய எல்லைக்கோடே அதுமேலதான் நிக்குது!

குருசியானான்னு பேர் வச்சிருக்கற இன்னொரு தடத்தையும் பாருங்க. பக்கத்துல பக்கத்துல ரெண்டு நீளப் பட்டை, நடுவுல ஒரு பள்ளம், பட்டை மேல சாய்வா காலால கீறின கோடுகள். பெரும்பாலும் ட்ரைலோபைட்ங்கற பழங்காலக் கடல் கணுக்காலி சேத்த உழுதுக்கிட்டுப் போனதுன்னு சொல்றாங்க. ஆனா ட்ரைலோபைட்டெல்லாம் 25.2 கோடி வருசத்துக்கு முன்னாடியே அழிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் வந்த ட்ரையாசிக் பாறையிலயும் இந்த மாதிரி தடம் கிடைக்குது, அப்ப வேற ஏதோ கணுக்காலி பண்ணிருக்கு. அதனாலதான் தடத்துக்குத் தனிப்பேர், விலங்குக்குத் தனிப்பேர் வைக்கறாங்க. இன்னொண்ணு, நம்ம கைக்குக் கிடைக்கறது பல தடவை பள்ளமா இருக்காது, பள்ளத்துல மணல் நிரம்பிக் கல்லாகி மணற்பாறையோட அடிப்பக்கத்துல புடைச்சுக்கிட்டு நிக்கும். அதனால ‘பதிவு’, ‘குழி’ன்னு வர்ற சொல்லெல்லாம் எனக்கு ஒத்துவரல.

கல்லான சாணத்தையும் இந்த வகையிலதான் சேக்கறாங்க. அதுக்கு ‘எச்சக்கல்’ வேண்டாம்ங்க, ஏற்கெனவே ‘தொல்லுயிர் எச்சம்’னு ஃபாசில் மொத்தத்துக்கும் ஒரு சொல் புழக்கத்துல இருக்கு, ரெண்டும் குழம்பிரும். ‘சாணக்கல்’னே நேரா சொல்லிரலாம்.

இந்தத் தடங்களை ஆராயற துறையோட பேர் மட்டும் கவனமா வைக்கணும். ‘தடயவியல்’னா போலீஸ் விசாரணை, ‘தடவியல்’னு வச்சா ஒரு எழுத்துதான் வித்தியாசம், எல்லாரும் மாத்திப் படிப்பாங்க. அதனால கொஞ்சம் நீளமா இருந்தாலும் ‘தடப்படிவவியல்’னு நான் சொல்றேன், இதவிடச் சுருக்கமா யாருக்காவது தோணினா எழுதுங்க.