மின்னலுக்குப் பயந்துதான் மனிதன் கடவுளை உண்டாக்கினானா?

மலையோரம் (கேள்வி)

சின்ன வயதிலிருந்து மேடைப் பேச்சிலும் டீக்கடையிலும் கேட்டு வளர்ந்த விளக்கம் இது: ஆதிமனிதன் இடி, மின்னல், காட்டுத்தீ, வெள்ளம் எல்லாம் பார்த்துப் பயந்தான், காரணம் தெரியவில்லை, அதனால் மேலே ஒருவன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டான், பிற்பாடு சிலர் அந்தப் பயத்தைப் பிழைப்பாக்கிக்கொண்டார்கள். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆதாரம் என்று எதைக் காட்டுகிறார்கள்? எழுத்தே இல்லாத காலத்து மனிதர் என்ன நினைத்தார் என்று எலும்பையும் கல்லையும் வைத்து எப்படிச் சொல்ல முடியும்? கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதம் இங்கே வேண்டாம், அதற்கு வேறு இழைகள் நிறைய இருக்கின்றன. நம்பிக்கை எப்படித் தொடங்கியது என்பது மட்டும் தெரிய வேண்டும்.

செம்மண்

ஒருவர் இடிக்குப் பயந்ததற்கு மண்ணுக்கடியில் எதுவும் மிஞ்சாது. இறந்தவரை அடக்கம் செய்தால் மிஞ்சும். அதனால்தான் இந்தப் பேச்சில் கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பழைய சான்றுகளில் பெரும்பகுதி புதைகுழிகளாக இருக்கின்றன.

இஸ்ரேலில் நாசரேத் பக்கம் கஃப்சே என்று ஒரு குகை. 90,000 ஆண்டுகளுக்கும் முன்னால் புதைக்கப்பட்ட நம் இனத்து மனிதர்கள் அங்கே கிடைத்தார்கள். அதில் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒன்று, மார்பின் மேல் மான்கொம்பு வைத்துப் புதைத்திருக்கிறார்கள். செங்காவிக் கட்டிகளும் அந்தக் குகையில் கிடைத்தன. அதே நாட்டின் கார்மேல் மலையில் உள்ள ஸ்கூல் (Skhul) குகையில் ஓர் ஆணின் கைகளுக்கிடையில் காட்டுப்பன்றியின் தாடை. நாற்றத்துக்காகவோ, மிருகம் இழுத்துப் போகாமல் இருக்கவோ புதைத்திருந்தால் குழி தோண்டி மூடினால் போதும், கொம்பு எதற்கு?

அப்புறம் ரஷ்யாவில் விளாதிமிர் நகர் அருகே சுங்கீர். ஏறக்குறைய 34,000 ஆண்டுகளுக்கு முன்னால், இரண்டு சிறுவர்களைத் தலையோடு தலை சேரப் படுக்கவைத்து, மாமூத் என்ற, அழிந்துபோன யானை இனத்தின் தந்தத்தில் செய்த 10,000க்கும் மேற்பட்ட மணிகளோடு புதைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு மணியும் கல் கருவியால் கையில் இழைத்துத் துளையிட்டது. பனியுகத்தில் வேட்டையாடிப் பிழைத்த கூட்டம், அத்தனை பேருடைய உழைப்பையும் மண்ணுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். இராக்கின் ஷானிதார் குகையில் நியாண்டர்தால் (நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனம்) ஒருவரைப் பூ வைத்துப் புதைத்தார்கள் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அங்கே கிடைத்த மகரந்தத்தை மண்ணில் வளை தோண்டும் தேனீக்களே கொண்டுவந்திருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். அதை நான் ஆதாரக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இரவுவானம்

இடி மின்னலைப் பற்றி ஒன்று. தான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் கவனித்தது: பெருமழை இறங்கும்போது ஆண் சிம்பன்சிகள் மயிர் சிலிர்க்க, கிளைகளை ஒடித்து இழுத்துக்கொண்டு சரிவில் ஓடி ஆடும். அருவியருகேயும் அப்படித்தான். அது ஒருவித வியப்பாக இருக்கலாம் என்று அவர் கருதினார். ஆனால் சிம்பன்சிகளுக்குச் சாமி என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. ஆகவே இயற்கையைக் கண்ட நடுக்கம் மட்டும் போதாது, இதையெல்லாம் யாரோ செய்கிறார்கள் என்று எண்ணுகிற மனமும் கூட வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் மானிடவியலாளர் டைலர் கனவைக் காரணமாகச் சொன்னார். செத்துப்போன அப்பா கனவில் வந்து பேசுகிறார் என்றால், உடம்பை விட்டுப் பிரிந்தும் இருக்கக்கூடிய ஏதோ ஒன்று அவரிடம் இருந்திருக்க வேண்டும் என்று மனிதர் முடிவுசெய்தார்கள் என்பது அவர் வாதம். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது ஜெஸ்ஸி பெரிங்கும் டேவிட் பியோர்க்லுண்டும் 2004இல் வெளியிட்ட ஆய்வு. சிறு பிள்ளைகளுக்குப் பொம்மலாட்டம் காட்டினார்கள், அதில் ஒரு முதலை எலியைத் தின்றுவிடுகிறது. எலி இனிச் சாப்பிட வேண்டுமா என்றால் வேண்டாம் என்ற பிள்ளைகளில் பலர், அம்மா மேல் அதற்கு இன்னும் பாசம் இருக்குமா என்று கேட்டால் இருக்கும் என்றார்கள். செத்தவர் எங்கோ இருக்கிறார் என்ற எண்ணம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே வருகிறது, மதம் அதிலிருந்து முளைத்தது என்பதே என் கருத்து.

கடலோடி

இரவுவானம், அந்தப் பிள்ளைகள் அமெரிக்காவில் வளர்ந்தவர்கள். சொர்க்கம் என்ற பேச்சே காதில் விழாமல் வளர்ந்திருப்பார்களா?

மடகாஸ்கரில் முன்னோர் வழிபாடு உள்ள கிராமத்து மக்களிடம் ரீட்டா அஸ்டூட்டியும் பால் ஹாரிஸும் இதே கேள்வியைக் கேட்டு 2008இல் வெளியிட்டார்கள். சிலருக்குச் சொன்ன கதையில் சாவும் பிணமும் மட்டும் வரும், மற்றவர்களுக்குச் சொன்னதில் முன்னோருக்குச் செய்யும் சடங்கு வரும். பொதுவாக எல்லாருமே சாவோடு பெரும்பாலானவை நின்றுவிடும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் சடங்குக் கதை கேட்டவர்களிடம், இறந்தவருக்கு அறிவும் நினைவும் இருக்கும் என்ற பதில் கூடியது, அதுவும் பிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் கூடுதலாக. பிறவியிலேயே வருவது என்றால் தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? சேர்ந்து செய்கிற செய்கைதான் முதலில், அதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் நம்பிக்கை ஊறுகிறது என்று நான் நினைக்கிறேன்.

தான்சானியாவில் வேட்டையாடியும் உணவு சேகரித்தும் வாழும் ஹட்சா மக்களைப் பாருங்கள். கோயில் இல்லை, பூசாரி இல்லை. ஆனால் நிலா இல்லாத இரவுகளில் எபேமே ஆட்டம் உண்டு. நெருப்பு வெளிச்சம்கூட இல்லாத இருட்டில் ஆண்கள் ஒவ்வொருவராக ஆட, பெண்கள் பாடுவார்கள். அவர்கள் ஆதிமனிதரின் மிச்சம் அல்ல, நம்மைப் போல இன்றைய மனிதர்கள்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மலையோரம்

எல்லாருக்கும் நன்றி. அப்படியென்றால் கோயிலும் பெரிய தெய்வமும் எப்போது வந்தன? நம் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை இந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

செம்மண்

தாழிகள் இரும்புக்காலத்தவை. கஃப்சேயோடு வைத்துப் பார்த்தால் நேற்றுப் போல. தொடக்கத்தைப் பற்றி அவை எதுவும் சொல்லாது.

2016இல் ஓர் ஆய்வு 33 வேட்டை, உணவு சேகரிப்புச் சமூகங்களை மொழிக்குடும்ப உறவோடு வைத்து ஒப்பிட்டது. மரம், மலை, விலங்கு எல்லாவற்றிலும் உயிர் இருக்கிறது என்ற பார்வையே மூத்தது, மறுமை நம்பிக்கையும், மருள் வந்து ஆடிக் குறி சொல்பவர்களும், முன்னோர் வழிபாடும் அதற்குப் பிறகு என்று வந்தது. உலகைப் படைத்த பெருந்தெய்வம் இந்த வரிசையில் ஒட்டாமல் தனியாக நிற்கிறது.

நல்லது கெட்டது பார்த்துத் தண்டிக்கும் தெய்வம் பெரிய அரசுகளுக்குப் பிறகே வந்தது என்று 2019இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்து, 2021இல் திரும்பப் பெறப்பட்டது. தகவல் கிடைக்காத காலங்களை அப்படிப்பட்ட தெய்வமே இல்லாத காலங்களாகக் கணக்கில் எடுத்ததுதான் சிக்கல். நீங்கள் முதலில் கேட்டீர்களே, எப்படிச் சொல்ல முடியும் என்று, அந்தக் கேள்வி ஆய்வாளர்களையே விடவில்லை.

கோயில் என்றால் துருக்கியின் கோபெக்லி தெபேயைச் சொல்வார்கள். கி.மு. 9500 அளவில், பயிர் முழுதாகப் பழகாத காலத்தில், 5.5 மீட்டர் வரை உயரமான கல் தூண்கள், அவற்றில் நரி, தேள், பாம்பு, பிணந்தின்னிக் கழுகு. 1995 முதல் அங்கே தோண்டிய கிளவுஸ் ஷ்மிட், யாரும் குடியிருக்காத வழிபாட்டிடம் அது, கோயில் முதலில் வந்தது, ஊர் பிறகு வந்தது என்றார். பின்னால் குடியிருப்புகளும் தானியம் அரைத்த கற்களும் நிறையக் கிடைத்ததால் அந்தக் கருத்து இப்போது தளர்ந்திருக்கிறது. எனக்கும் கூடிச் செய்கிற வேலைதான் முதலில் வந்ததாகத் தோன்றுகிறது, பூசாரியின் சூழ்ச்சி என்ற விளக்கம் அரசும் சொத்தும் வந்த பிறகுள்ள காலத்துக்கு மட்டுமே பொருந்தும்.

இரவுவானம்

கடலோடி, ஒன்றை விட்டுவிட்டீர்கள். அதே மடகாஸ்கர் ஆய்வில், உடம்பின் செயல்களைவிட மனதின் செயல்கள் சாவுக்குப் பிறகும் தொடரும் என்று சொல்லவே ஆட்கள் தயாராக இருந்தார்கள். சடங்கு அந்த எண்ணத்தை வளர்க்கிறது, சரி. ஆனால் வயிறு அல்ல, நினைவுதான் மிஞ்சும் என்று ஏன் எல்லா ஊரிலும் தோன்றுகிறது? அதற்குச் சடங்கை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது.