ஈஸ்ட்ஹாமில் குடியேறியவர்களுக்கு: குளிர்கால மாலையும் மகளிர் கூடைப்பந்தும்

ஊரில் பள்ளி அணிக்காகக் கூடைப்பந்து ஆடிய மகள், கிழக்கு லண்டனின் ஈஸ்ட்ஹாமுக்கு வந்த மூன்று மாதங்களாக வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறாள் என்று எழுதியிருந்த சகோதரிக்கு இந்தப் பதில். நாலரை மணிக்கே இருட்டிவிடும் மாதங்களில் பிள்ளைகளை எங்கே கூட்டிச் செல்வது என்று நாங்களும் திண்டாடியிருக்கிறோம். எங்கள் வீட்டில் அதைத் தீர்த்துவைத்தது ஐரோப்பிய மகளிர் கிளப் கூடைப்பந்துதான்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். மேல்தட்டில் மகளிர் யூரோலீக், அதற்கு அடுத்து மகளிர் யூரோகப் என இரண்டு போட்டிகள் நடக்கின்றன. பருவம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை நீளும். வார இறுதி உள்நாட்டு லீகுக்குப் போய்விடுவதால், ஐரோப்பிய ஆட்டங்கள் பெரும்பாலும் புதன்கிழமையை ஒட்டிய மாலைகளில் வரும். அமெரிக்காவின் மகளிர் கூடைப்பந்து லீகான டபிள்யூஎன்பிஏ கோடையில் நடப்பதால், அங்கே ஆடும் பலரைக் குளிர்காலத்தில் இங்கே பார்க்கலாம்.

யூரோகப்பில் புதியவர்களைக் குழப்புவது வெளியேற்றச் சுற்றுகளின் கணக்கு. சொந்த ஊரில் ஒன்று, எதிரணியின் ஊரில் ஒன்று என இரண்டு ஆட்டங்கள் ஆடி, இரண்டின் புள்ளிகளையும் கூட்டிப் பார்த்தே யார் முன்னேறுகிறார் என்று முடிவு செய்வார்கள். ஆகவே முதல் ஆட்டம் சமனில் முடிந்தால் கூடுதல் நேரம் கிடையாது, அப்படியே கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். கூடைப்பந்தில் 'டிரா' என்பதே இல்லை என்று ஊரில் படித்து வந்த எனக்கு இதை ஏற்றுக்கொள்ளவே சில நாட்கள் பிடித்தன.

2024 ஏப்ரலில் லண்டன் லயன்ஸ் மகளிர் அணியும் துருக்கியின் பெஷிக்டாஷ் அணியும் மோதிய யூரோகப் இறுதிப்போட்டி இதற்கு நல்ல உதாரணம். இஸ்தான்புல்லில் நடந்த முதல் ஆட்டத்தில் லண்டன் 68–75 என்று தோற்றிருந்தது. இரண்டாவது ஆட்டம் இங்கே லண்டனில், ஒலிம்பிக் பூங்காவின் காப்பர் பாக்ஸ் அரங்கில். 8 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளி வித்தியாசத்தில் வென்றால் கோப்பை, சரியாக 7 என்றால் கூடுதல் நேரம், அதற்கும் குறைந்தால் அன்று வென்றும் பயனில்லை. லண்டன் முன்னிலைக்கு வந்ததும் நான் எழுந்து கைதட்டத் தொடங்க, மகள் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, கைப்பேசியில் 68, 75 என்று எழுதிக் காட்டி, "இன்னும் போதாதும்மா" என்றாள். ஆட்டம் 81–70 என்று முடிந்தது, கூட்டினால் 149–145. பிரிட்டனின் கூடைப்பந்துக் கிளப் ஒன்று ஐரோப்பியக் கோப்பை ஒன்றை வென்றது அதுவே முதல் முறை. கிரேக்கத்தைச் சேர்ந்த ஸ்டிலியானி கால்ட்சிடு பயிற்சியளித்த அந்த அணியில் ஹாலி விண்டர்பர்ன் போன்ற இங்கிலாந்துப் பெண்களும் ஆடினார்கள் என்பதுதான் என் மகளைப் பெரிதும் கவர்ந்தது. அதே மாதம் மெர்சின் நகரில் நடந்த யூரோலீக் இறுதியில் துருக்கியின் ஃபெனர்பாசே 106–73 என்று பிரான்சின் வில்நெவ் தாஸ்க்கைத் தோற்கடித்தது. ஒரே ஆட்டத்தில் முடிவாகும் அந்த முறையில் இத்தகைய கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை.

காப்பர் பாக்ஸுக்குச் செல்வது எளிது. ஈஸ்ட்ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறி, வெஸ்ட்ஹாமில் ஜூபிலிக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே ஸ்ட்ராட்ஃபோர்ட். அங்கிருந்து ஒலிம்பிக் பூங்கா வழியாக நடக்கலாம். மழையென்றால் ஓவர்கிரவுண்டில் ஒரு நிறுத்தம் தள்ளி ஹாக்னி விக்கில் இறங்குங்கள், அரங்கம் அருகிலேயே இருக்கிறது. மகளுக்கு 11 முதல் 15 வயதுக்குள் என்றால் ஜிப் ஆய்ஸ்டர் என்ற சிறுவர் பயண அட்டைக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள்; பேருந்துக்குக் கட்டணமில்லை, ரயிலுக்குச் சிறுவர் கட்டணம்தான். பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்குதான் என்றாலும், இடைவேளையும் ஃபவுல்களும் சேர்ந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகிவிடும் என்பதால் மறுநாள் பள்ளியை யோசித்துக்கொள்ளுங்கள். பெரிய பை வேண்டாம், வாசலில் சோதனை உண்டு.

எந்தக் கிளப் எந்தப் போட்டியில் ஆடும் என்பது பணநிலையைப் பொறுத்து ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே பருவம் தொடங்குமுன் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் (FIBA) அட்டவணையைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே மகளிடம் சொல்லுங்கள்.