பரணில் கிடந்த பழைய காமிக்ஸ்: துரு, பூஞ்சை, பூச்சி… எங்கிருந்து தொடங்குவது?

கேட்டவர்: கடலோர வாசகன்

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடம் முத்து, லயன், ராணி ஆகிய மூன்று தமிழ் காமிக்ஸும் கலந்து சுமார் இருநூறு இதழ்கள். பெரும்பாலானவை எழுபது, எண்பதுகளில் வந்த நியூஸ்பிரிண்ட் புத்தகங்கள், சமீபத்திய வண்ண இதழ்கள் கொஞ்சம். பரணில் அட்டைப்பெட்டிக்குள் இருந்தவை. வீடு தூத்துக்குடியில், கடல் பக்கம்.

நிலவரம்: நடுவில் அடித்த ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து அட்டை தனியாக வருகிறது. சிலவற்றில் சாம்பல் நிறப் பூஞ்சை, முடைநாற்றம். ஓரங்களை ஏதோ அரித்திருக்கிறது. சிலவற்றில் பழைய செலோ டேப் பழுப்பேறி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பத்துப் பத்தாகச் சேர்த்து பைண்ட் பண்ணித் தருவதாக ஒரு கடையில் சொல்கிறார்கள். செய்யலாமா? வெயிலில் காயவைக்கலாமா? அந்துருண்டை போட்டால் போதுமா?

வீட்டில் எல்லோருக்கும் இது சின்னப்பிள்ளை சமாச்சாரம்தான். "வயசான காலத்துல பொம்மைப் புஸ்தகமா?" என்று பழைய பேப்பர் கடைக்குப் போடப் பார்க்கிறார்கள். பாதுகாப்பாக எடுத்துவைக்க முறையான வழி வேண்டும். எதை முதலில் செய்வது?

பதில் 1: காகிதக்காரன்

நண்பரே, பைண்டிங் கடைக்கு இப்போது கொடுக்காதீர்கள். வெயிலிலும் வைக்காதீர்கள். நியூஸ்பிரிண்ட் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்கிற தாள். அதிலிருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டால் பழுப்பாகும், கூடவே அமிலமும் ஊறும். ஒரே நாள் வெயிலிலேயே தாள் மஞ்சளாகத் தொடங்கிவிடும்.

முதல் வேலை பிரிப்பது. பூஞ்சை உள்ளவை ஒரு பக்கம், பூச்சி அரித்தவை ஒரு பக்கம், நல்லவை வேறு அறையில். அந்த அட்டைப்பெட்டியை வெளியே போட்டுவிடுங்கள். முட்டையும் பூஞ்சை விதையும் அதில்தான் ஒட்டியிருக்கும்.

பூஞ்சை: ஈரமாக இருக்கும்போது துடைத்தால் தாளுக்குள் தேய்ந்து போகும். நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல், புத்தகத்தை விசிறி போல லேசாக விரித்து நிறுத்தி வையுங்கள். பூஞ்சை காய்ந்து பொடியானதும் N95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, வாசலிலோ மொட்டைமாடி நிழலிலோ வைத்து, மிருதுவான பெயின்ட் பிரஷால் உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். ஸ்பிரிட், சானிடைசர் வேண்டாம், அட்டை மை கரைந்து இழுக்கும். தங்கிப்போன பழுப்புப் புள்ளிகளை அப்படியே விடுங்கள். பிளீச்சிங் செய்தால் புள்ளி போகும், சில வருடத்தில் தாளும் போய்விடும்.

பூச்சி: ஓரத்தை மேலோட்டமாகச் சுரண்டியது போலிருந்தால் ராமபாணப் பூச்சி. வட்டமாகத் துளை போட்டு உள்ளே போயிருந்தால் வண்டுப் புழு. இரண்டுக்கும் வீட்டில் செய்யக்கூடியது உறையவைப்பது. பத்துப் புத்தகத்தைப் பாலிதீன் பையில் போட்டு, காற்றைப் பிதுக்கி, டேப் ஒட்டி மூடி, அதை இன்னொரு பையில் போட்டு மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டி பெரும்பாலும் அந்த அளவுக்குக் குளிராது. உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். தனி டீப் ஃப்ரீசர் கிடைத்தால் நல்லது.

பலரும் கெடுக்கிற இடம் இதற்கு அப்புறம்தான். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த தாளில் நம் ஊர்க் காற்று பட்டால் உடனே வியர்த்து, பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். ஒரு முழு நாள் மூடியபடியே கிடக்கட்டும். பையின் வெளிப்பக்கம் முழுசாக உலர்ந்த பிறகு திறங்கள். உறையவைத்தால் பூச்சிதான் சாகும், பூஞ்சை சாகாது. ஆகவே பூஞ்சைப் புத்தகத்தைக் காயவைக்காமல் ஃப்ரீசரில் வைத்துப் பயனில்லை.

துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின்: ஸ்டேப்ளர் ரிமூவர் பக்கமே போக வேண்டாம். புத்தகத்தின் நடுப்பக்கத்தை மேசையில் விரியுங்கள். ஓ.எச்.பி. ஷீட் என்ற கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் விரல் அகலத் துண்டு வெட்டி, பின்னின் மடிந்த காலுக்கு அடியில் மெல்ல நுழையுங்கள். தாளுக்கு அதுதான் கவசம். அதன்மேல் மொண்ணையான மெல்லிய கத்தியை வைத்துக் காலை நிமிர்த்துங்கள். இரண்டு காலும் நேரான பிறகு புத்தகத்தை மூடி, முதுகுப் பக்கமிருந்து பின்னைத் தூக்குங்கள். துரு தாளோடு கவ்வியிருந்தால் இழுக்கவே கூடாது. காலைச் சின்ன நகவெட்டியால் நறுக்கிவிட்டு, துண்டு துண்டாக எடுங்கள். உதிரும் துருப்பொடியைப் பிரஷால் தள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு போட்டால் கறை போகும் என்பார்கள். அது அமிலம், ஓட்டைதான் பெரிதாகும்.

பின்னை எடுப்பதற்கு முன்பே ஒவ்வொரு தாளின் கீழ் மூலையிலும் 2பி பென்சிலால் லேசாக எண் போட்டுவிடுங்கள். தாள்கள் கலைந்தால், பக்க எண் அச்சாகாத இதழ்களை வரிசைப்படுத்துவது பெரும்பாடு.

திரும்பக் கோப்பதற்குப் புது ஓட்டை தேவையில்லை. வெள்ளைப் பருத்தி நூலை நடுப்பக்கத்தின் மேல் ஓட்டையில் உள்ளிருந்து வெளியே விட்டு, கீழ் ஓட்டை வழியாக உள்ளே கொண்டுவந்து, உள்பக்கமே முடிச்சுப் போடுங்கள். இறுக்கினால் நூலே தாளை அறுத்துவிடும்.

பதில் 2: தையல்மடிப்பு

மேலே சொன்னது அத்தனையும் சரி. பைண்டிங் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல நிலையில் இருந்த எத்தனையோ சேகரிப்புகளைக் கெடுத்தது அதுதான்.

சாதாரண பைண்டிங்கில் மூன்று சேதம் நடக்கும். அட்டையைக் கிழித்து எடுத்துவிடுவார்கள், அல்லது மைதா பசை தடவி உள்ளே ஒட்டுவார்கள். முதுகிலிருந்து விரல் அகலம் தள்ளி ஓட்டை போட்டுப் பக்கவாட்டில் தைப்பார்கள். மடிப்போரம் இருக்கும் படக்கட்டம் பாதி உள்ளே போய்விடும், படிக்க அழுத்தி விரித்தால் பழைய தாள் தையல் கோட்டிலேயே முறியும். கடைசியாக, சமமாக இருக்க வேண்டுமென்று கட்டிங் மிஷினில் மூன்று பக்கமும் ஐந்து மில்லிமீட்டர் வரை வெட்டுவார்கள். மார்ஜின் குறைவான பழைய இதழ்களில் வசன பலூனின் கடைசி எழுத்து அதோடு போய்விடும். வெட்டியதை எந்த வித்தையாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

பசைக்குள் பூச்சி வரக்கூடாதென்று மயில்துத்தம் கலக்கும் பழக்கமும் உண்டு. அந்தச் செம்பு உப்பு, பசை பட்ட இடத்தில் தாளை உள்ளிருந்தே அரிக்கும். ஏற்கெனவே அமிலம் ஏறிய நியூஸ்பிரிண்டுக்கு அது கூடவே கூடாது.

தொகுப்பாகத்தான் வேண்டுமென்றால் பைண்டரிடம் பெட்டி செய்யச் சொல்லுங்கள். காலிகோ துணி ஒட்டிய, புத்தகம் போலத் திறக்கும் அட்டைப்பெட்டி. உள்ளே பத்து இதழ்கள் படுத்திருக்கும். அலமாரியில் நிறுத்தினால் பைண்ட் செய்த வால்யூம் மாதிரியே தெரியும். பசை தாளைத் தொடாது.

கிழிசல்களுக்கு ஜப்பான் டிஷ்யூ என்ற மெல்லிய நார்த் தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும். ஓவியப் பொருள் விற்கும் பெரிய கடைகளிலும் ஆன்லைனிலும் டிஷ்யூ கிடைக்கிறது. 9 முதல் 12 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) கனமுள்ளதை வாங்குங்கள். பசைக்கு மைதாவை அப்படியே காய்ச்சக் கூடாது. அதிலிருக்கும் குளூட்டன் கெட்டியாகி மஞ்சளாகும். அல்வாவுக்குப் பால் எடுப்பதுபோல மாவைப் பிசைந்து தண்ணீரில் அலசி, பாலைத் தெளியவைத்து, மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு அடியில் தங்குவதை உலர்த்தினால் அதுதான் ஸ்டார்ச். ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு ஐந்து பங்கு தண்ணீர். அரைமணி நேரம் ஊறவைத்து, சிறு தீயில் கண்ணாடி போல் ஆகும்வரை, ஏறக்குறைய 25 நிமிடம், விடாமல் கிளறுங்கள். ஆறியதும் மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு மோர் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஃப்ரிட்ஜில் நாலைந்து நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

டிஷ்யூவைக் கத்தரியால் வெட்டாதீர்கள். ஈரப் பிரஷால் கோடு இழுத்து, இரண்டு கையாலும் பிய்த்தால் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார்தான் தாளோடு கலந்து பிடிக்கும். பசையை டிஷ்யூவில் தடவி, கிழிசல்மேல் வைத்து, பட்டர் பேப்பரும் பிளாட்டிங் பேப்பரும் போட்டுக் கனம் ஏற்றுங்கள். கால்மணி நேரத்தில் பிளாட்டிங் பேப்பரை மாற்றுங்கள், பிறகு ஒரு மணி கழித்து, பிறகு இரவு முழுக்க. ஈரம் கூடிவிட்டால் நியூஸ்பிரிண்ட் பசையைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு போடும். ஆகவே பிரஷில் பசை ரொம்பக் குறைவாக இருக்கட்டும்.

செலோ டேப்: பிளாஸ்டிக் காய்ந்து மொறமொறவென்று இருந்தால் நகத்தாலேயே கழன்று வரும். இன்னும் ஒட்டினால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் காட்டி, தாளோடு படுக்கையாக உரியுங்கள். மேல்நோக்கி இழுத்தால் அச்சும் சேர்ந்து வரும். தங்கும் பழுப்புக் கறையை நெயில் பாலிஷ் ரிமூவர், பெட்ரோல் எதாலும் எடுக்கப் பார்க்காதீர்கள். மை ஓடும்.

பதில் 3: பீரோ

வைக்கும் இடம் பற்றி.

தூத்துக்குடிக் காற்றுக்கு ஈரப்பதம்தான் முதல் எதிரி. 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சை திரும்ப வரும். 45 முதல் 55க்குள் வைக்கப் பாருங்கள். சின்ன டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒன்றை வாங்கிப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.

கரையானுக்கு இரும்பு பீரோ நல்லது. ஆனால் வெளிச்சுவரையும் குளியலறைச் சுவரையும் ஒட்டி நிறுத்தாதீர்கள். சுவருக்கும் பீரோவுக்கும் நடுவில் கை நுழையும் அளவு இடம், தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் உயரம். பரண் வேண்டவே வேண்டாம், கூரைச் சூடு முழுக்க அங்கேதான் இறங்கும். பீரோவுக்குள் ரப்பர் வளையம் வைத்து மூடும் பிளாஸ்டிக் டப்பாக்கள். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் பாலிபுரொப்பிலீன், அதை வாங்குங்கள். 3 என்றால் பிவிசி; அது நாளாக நாளாக அமிலம் விடும். 50 லிட்டர் டப்பாவுக்குக் கால் கிலோ சிலிக்கா ஜெல்லில் தொடங்கி, மீட்டரைப் பார்த்துக் கூட்டலாம், குறைக்கலாம். ஈரப்பதத்தை 35 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிடாதீர்கள், தாள் விறைத்து மடிப்பில் உடையும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும்.

ஒவ்வொரு இதழுக்கும் தனி உறை. பேக்கிங் கடைகளில் கிடைக்கும் பிஓபிபி பைகள் (இதுவும் பாலிபுரொப்பிலீன்தான்) போதும். இந்த இதழ்கள் எல்லாமே ஒரே அளவில் வரவில்லை, பாக்கெட் சைஸும் உண்டு பெரிய சைஸும் உண்டு. ஆகவே அளந்து வாங்குங்கள். புத்தக அகலத்தோடு அதன் தடிமனையும் கூட்டி, மேலே ஒரு சென்டிமீட்டர். இறுக்கமான பையில் நுழைக்கும்போதுதான் அட்டை மூலை மடியும். பின்னால் கொடுக்கும் அட்டை அமிலமில்லாததாக இருக்க வேண்டும். காலண்டர் அட்டை, சாம்பல் நிற மில் போர்டு இரண்டும் ஆகாது. நன்றாக உலராத புத்தகத்தைப் பையில் போட்டால் அதுவே பூஞ்சை வளர்க்கும் தொட்டி.

அந்துருண்டை வேண்டாம். அதன் ஆவி மனிதருக்கும் கெடுதல், சில பிளாஸ்டிக்கையும் இளக்கும். ஓலைச்சுவடி வைத்த வீடுகளில் வசம்பு போடுவார்கள். அதைத் துணியில் முடிந்து பீரோ மூலையில் வைத்தால் போதும். வேப்பிலையைப் பக்கங்களுக்கு நடுவில் வைப்பது தவறு, இலை வடிவத்திலேயே கறை விழும்.

கடலோர வாசகன்

மூவருக்கும் நன்றி. வண்ண இதழ்களுக்கும் இதே முறைதானா? அண்ணன் மகளும் படிக்கக் கேட்கிறாள், பழையதை அவள் கையில் கொடுக்கப் பயமாக இருக்கிறது. வீட்டாருக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

பதில் 4: தையல்மடிப்பு

வண்ண இதழ்களின் ஆர்ட் பேப்பர் பழுப்பாவது குறைவு. அதற்கு எதிரி தண்ணீர். மேலே பூசிய பூச்சு நனைந்து காய்ந்தால் பக்கங்கள் கல்லாக ஒட்டும், பிறகு பிரியவே பிரியாது. நனைந்தால் காய்வதற்குள் பக்கத்துக்குப் பக்கம் பட்டர் பேப்பர் கொடுங்கள்; நேரமில்லையென்றால் பையில் கட்டி ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிக்கலாம். கனமான தாள் என்பதால் நிறுத்தி வைத்தால் முதுகுப் பசை விடும். படுக்கவையுங்கள், அடுக்கு 15 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம்.

குழந்தைக்கு மறுபதிப்பு வாங்கிக் கொடுங்கள். இரும்புக்கை மாயாவி உட்பட பல பழைய கதைகள் முத்து, லயன் வெளிவரும் சிவகாசியிலிருந்தே மறுபடி வந்திருக்கின்றன. மறுபதிப்பே வராதவற்றை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். பக்கத்துக்குப் பின்னால் கறுப்புத் தாள் வைத்தால் மறுபக்க அச்சு தெரியாது. படிக்க 300 டிபிஐ வண்ணம் போதும். மூலப்பிரதியாக வைக்க 600. ஏ5 பக்கம் சுருக்காத டிஃப் கோப்பாக 50 எம்பிக்குக் கொஞ்சம் கூடும், அதற்குத் தக்க ஹார்ட் டிஸ்க் இரண்டு வேண்டும். அந்தக் கோப்புகள் வீட்டோடு இருக்கட்டும், குழுக்களில் ஏற்ற வேண்டாம். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உரிமத்தொகை கட்டித்தான் இங்கே வெளியிடுகிறார்கள். இலவசக் கோப்பு சுற்றினால் அடுத்த மறுபதிப்புக்கு ஆள் இருக்காது.

வீட்டாருக்குச் சொல்ல உண்மையான பதிலே இருக்கிறது. 1984ல் லயன் தொடங்கியபோது வந்த மாடஸ்டி என்ற சாகச நாயகியின் கதை, லண்டனில் 1963 முதல் ஒரு மாலைப் பத்திரிகையில் பெரியவர்களுக்காக வந்த தொடர். கௌபாய் தொடரான டெக்ஸ் வில்லர் இத்தாலியில் 1948லிருந்து வருகிறது, அங்கே பெரியவர்கள் கடையில் வாங்கிப் படிக்கிறார்கள். பிரஸ்ஸல்ஸில் 1989லேயே காமிக்ஸுக்கென்று ஓர் அருங்காட்சியகம் திறந்துவிட்டார்கள். இங்கேயும் இன்று சந்தா கட்டி இந்த இதழ்களை ஓடவைப்பதில் பெரும்பங்கு நடுவயதுக்காரர்களுடையது. 1972ல் முத்துவின் முதல் இதழை வாங்கிய பிள்ளைகளுக்கு இப்போது அறுபது வயது.

பதில் 5: காகிதக்காரன்

இதோடு ஒன்று சேர்த்துச் செய்யுங்கள், நண்பரே. ஒரு நோட்டில் பட்டியல் போடுங்கள்: இதழ் பெயர், வெளியீட்டு எண், வருடம், அட்டை விலை, பக்கங்கள் முழுசா, நடுத்தாள் இருக்கிறதா, செய்த பழுதுபார்ப்பு என்ன, எந்த டப்பாவில் இருக்கிறது. ஒரு நகலை டப்பாவின் உள்மூடியில் ஒட்டுங்கள். டப்பாவுக்கு வெளியே "சேகரிப்பு, எடைக்குப் போடக் கூடாது" என்று பெரிதாக எழுதி, வீட்டில் யாராவது ஒருவருக்காவது அந்த நோட்டைக் காட்டி வையுங்கள். அண்ணன் மகள் ஆர்வமாக இருக்கிறாள் என்றால் அவளிடமே பட்டியல் எழுதும் வேலையைக் கொடுங்கள், நீங்கள் புரட்டிச் சொல்லச் சொல்ல அவள் எழுதட்டும். பூஞ்சை பிடித்த இதழ்களை மட்டும் சுத்தம் செய்து முடிக்கும்வரை அவள் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.