நியூயார்க் ஸ்பெஷலைஸ்டு ஹைஸ்கூல் நுழைவுத் தேர்வு: ஏழாம் வகுப்பு மார்க் கணக்கில் வருமா? பள்ளி வரிசையை எப்படிப் போடுவது?

பெல்ரோஸ் அப்பா கேட்டது:

மகள் குயின்ஸில் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. 2026 இலையுதிர் காலத்தில் எஸ்.எச்.எஸ்.ஏ.டி. (ஸ்பெஷலைஸ்டு ஹைஸ்கூல்கள் என்ற நகர அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு) எழுதணும். கணக்கு நன்றாக வரும், ஆங்கில வாசிப்பு மெதுவாகத்தான். சென்னையிலிருந்து வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, பள்ளியில் இ.எல்.எல். (ஆங்கிலம் கற்றுவரும் மாணவர்கள்) பட்டியலில் இருக்கிறாள். சந்தேகங்கள் இவை:

ஏழாம் வகுப்பு மார்க், வருகைப் பதிவு, டீச்சர் பரிந்துரை இதையெல்லாம் பார்ப்பார்களா? ஸ்டைவசன்ட்டை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால் அடுத்த பள்ளிகளில் வாய்ப்பு குறையுமா? கம்ப்யூட்டரில் தேர்வு வந்த பிறகு என்ன மாறியிருக்கிறது? இ.எல்.எல். பட்டியலில் இருந்தால் பாதகம், சீக்கிரம் வெளியே வரச் செய்யுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா?

---

ஜமைக்கா வாத்தியார் பதில்:

முதல் கேள்விக்கு ஒரே வரி: தேர்வு மதிப்பெண் ஒன்றுதான். மார்க், வருகை, பரிந்துரை, நேர்காணல், கட்டுரை எதுவும் கிடையாது. இது நகரம் வைத்த வழக்கம் இல்லை, 1971-இல் வந்த ஹெக்ட்-கலாண்ட்ரா என்ற மாநிலச் சட்டம். ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயன்ஸ், புரூக்ளின் டெக் மூன்றின் பெயரும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதனால் மேயர் மாறினாலும் இந்த மூன்றுக்கும் முறை மாறாது, மாநிலச் சட்டமன்றம்தான் மாற்ற முடியும். ஸ்டேட்டன் ஐலண்ட் டெக், புரூக்ளின் லத்தீன், சிட்டி காலேஜ், லேமன், யார்க் வளாகங்களில் இருக்கும் மூன்று சிறிய பள்ளிகள் ஆகிய ஐந்தும் நகரம் பிறகு சேர்த்தவை. லகார்டியா ஒன்பதாவது பள்ளி. அது கலைப் பள்ளி, ஆடிஷன் மூலம் சேர்க்கை, இந்தத் தேர்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வரிசை விஷயம். நம்ம ஊர் இன்ஜினியரிங் கவுன்சலிங்கை நினைத்துக்கொள்ளுங்கள், சட்டென்று பிடிபடும். எழுதியவர்கள் எல்லாரையும் மதிப்பெண்படி மேலிருந்து கீழாக நிறுத்துகிறார்கள். முதலில் நிற்கும் பிள்ளையின் பட்டியலில் முதல் பள்ளி எதுவோ அது கொடுக்கப்படும். அடுத்த பிள்ளைக்கு முதல் விருப்பத்தில் இடம் இருந்தால் அது, நிரம்பிவிட்டால் இரண்டாவது, அப்படியே கீழே போகும். நீங்கள் எந்தப் பள்ளியை எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்பது அந்தப் பள்ளிக்குத் தெரியாது, தெரிந்தாலும் பயனில்லை. ஆகவே ஸ்டைவசன்ட்டை முதலில் போட்டுக் கிடைக்காமல் போனால் பிராங்க்ஸ் சயன்ஸில் உங்கள் இடம் ஒரு துளிகூடக் குறையாது.

தவறு இரண்டு விதமாக நடக்கிறது. கட்-ஆஃப் அதிகம் என்பதற்காக, போக விருப்பமே இல்லாத பள்ளியை மேலே போடுவது ஒன்று. மதிப்பெண் அதைத் தொட்டுவிட்டால் அதுதான் கிடைக்கும், கீழே இருப்பது எதுவும் வராது. இன்னொன்று, ஒரே பள்ளியை மட்டும் போட்டுவிட்டு இருப்பது. ஸ்டைவசன்ட் மட்டும் போட்ட பிள்ளை 540 எடுத்தால் கையில் ஒன்றும் இல்லை. அதே 540-க்கு பிராங்க்ஸ் சயன்ஸ் கிடைத்திருக்கும்.

கட்-ஆஃப் முன்கூட்டியே வைப்பதில்லை. கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் மதிப்பெண்தான் கட்-ஆஃப். இந்தச் சில ஆண்டுகளாக ஸ்டைவசன்ட் 550-களின் நடுவுக்கும் 560-களின் நடுவுக்கும் இடையே நிற்கிறது. புரூக்ளின் டெக் 500-ஐ ஒட்டி. எழுதுகிறவர்கள் ஏறக்குறைய 25,000 முதல் 26,000 பேர், இடம் கிடைப்பது 4,000 பேரை ஒட்டி.

---

எண் கோடு பதில்:

தேர்வின் உள்ளே என்ன இருக்கிறது என்று நான் சொல்கிறேன்.

மொத்தம் 180 நிமிடம். ஆங்கிலம் 57, கணக்கு 57. இரண்டிலும் 10 கேள்விகள் சோதனைக்காக வைக்கப்படுபவை, மதிப்பெண் கிடையாது. எது அந்தப் பத்து என்று பிள்ளைக்குத் தெரியாது. கால்குலேட்டர் இல்லை, சூத்திரத் தாள் இல்லை. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதும் இல்லை, அதனால் ஒரு கேள்வியைக்கூடக் காலியாக விடக்கூடாது. கணக்கில் 5 கேள்விகளுக்கு விருப்ப விடைகள் வராது, எண்ணை நாமே கொடுக்கணும். பழைய பயிற்சித் தாள்களில் அந்த எண்ணை நிரப்பும் கட்டத்தில் பின்னக் கோடு இருக்காது. விடை 3/8 என்று வந்தால் .375 என்று தசமமாக மாற்றித்தான் நிரப்பணும். பின்னத்தோடு நிறுத்திவிடும் பிள்ளைகள் சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டே மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

கணக்கு கடினம் என்பதைவிட, கவனம் சிதறினால் சறுக்கிவிடும் என்பதே சரி. ஒரு மாதிரி: ஜாடியில் சிவப்பு, நீலக் கோலிகள் 3:5 விகிதம், மொத்தம் 72. அதிலிருந்து 9 சிவப்பை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒன்றை எடுத்தால் சிவப்பாக இருக்கும் வாய்ப்பு என்ன? சிவப்பு 27, அதில் 9 போக 18. இங்கே அவசரப்பட்டு 18/72, அதாவது 1/4 என்று குறித்துவிடுவார்கள், அந்த 1/4-உம் விடைகளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். மொத்தமும் 63 ஆகக் குறைந்துவிட்டது. 18/63, அதாவது 2/7. இந்த மாதிரித் தவறுகளை ஒரு நோட்டில் வகைப்படுத்தி எழுதி வைத்தால், இன்னொரு நூறு கணக்கு போடுவதைவிடப் பலன் அதிகம்.

ஆங்கிலத்தில் சிறு பகுதி இலக்கணத் திருத்தம், மீதி வாசிப்பு. வாசிப்பில் கவிதையும் வரும். திருத்தத்தில் திரும்பத் திரும்ப வருபவை: முழு வாக்கியங்கள் இரண்டைக் காற்புள்ளியால் மட்டும் ஒட்டுவது, வருணிக்கும் தொடர் தவறான சொல்லுக்குப் பக்கத்தில் நிற்பது, நடுவில் காலம் மாறுவது. விதிகள் எண்ணிக்கையில் அடங்கும் என்பதால், புதிதாக ஆங்கிலம் படிக்கும் பிள்ளைக்கு சீக்கிரம் மதிப்பெண் தருவது இந்தப் பகுதிதான். அங்கே தொடங்குங்கள்.

கம்ப்யூட்டர்: 2025-இல் தாள் போய்த் திரை வந்தது. விடையைத் தேர்ந்தெடுப்பதோடு, இழுத்து வைப்பது மாதிரியான கேள்விகளும் சேர்ந்திருக்கின்றன. 2026 முதல், பிள்ளை கொடுக்கும் விடையை வைத்து அடுத்த கேள்வி அமையும் முறைக்கு மாறுவதாகக் கல்வித்துறை அறிவித்திருக்கிறது. "இதை விட்டுட்டு கடைசியில் பார்த்துக்கலாம்" என்ற பழக்கத்தை இப்போதே மாற்றுங்கள். கணக்கு பார்த்தால் ஒரு கேள்விக்கு சுமார் 95 நொடி. அதற்குள் முடிவெடுத்து நகர்வதைப் பழக்கணும். வடிவியல் படத்தைத் திரையில் பார்த்து வெறும் தாளில் வரைந்து போடுவதும் தனிப் பழக்கம். கோணத்தை இடம் மாற்றி எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

---

பெல்ரோஸ் அப்பா:

இருவருக்கும் நன்றி. ஆங்கிலமும் கணக்கும் இரண்டும் சமமாக வரணுமா, இல்லை கணக்கில் முழுசாக எடுத்து ஆங்கிலக் குறையை ஈடுகட்டலாமா?

---

ஜமைக்கா வாத்தியார்:

பகுதி வாரியாகத் தேர்ச்சி மதிப்பெண் இல்லை, இரண்டையும் கூட்டிய மொத்தம்தான். அதோடு, சரியான விடைகளின் எண்ணிக்கையை அப்படியே கூட்டுவதில்லை, வேறு அளவுக்கு மாற்றுகிறார்கள். தாள் தேர்வுக் காலத்தில் அந்த மாற்றம் நேர்கோடாக இருந்ததில்லை. நடுவில் ஒரு கேள்வி கூடினால் மூன்று நான்கு புள்ளி. உச்சிக்குப் பக்கத்தில் அதே ஒரு கேள்விக்கு பத்து, அதற்கு மேலும். அதனால் கணக்கில் 45, ஆங்கிலத்தில் 30 எடுத்த பிள்ளை, 38-உம் 37-உம் எடுத்த பிள்ளையைத் தாண்டிப் போனது. எண்ணிக்கை இருவருக்கும் 75தான்.

---

எண் கோடு:

அந்தக் கணக்கை 2026-க்கு அப்படியே நம்பவேண்டாம் என்பது என் எண்ணம். விடைக்கேற்ப கேள்வி மாறும் தேர்வில் எத்தனை சரி என்பதோடு எவ்வளவு கடினமான கேள்விகள் சரி என்பதும் மதிப்பெண்ணுக்குள் வரும். பழைய அட்டவணையை வைத்துத் திட்டம் போட்டு ஆங்கிலத்தைக் கைவிட்டால் பிள்ளைக்குத்தான் நஷ்டம். கணக்கில் வலு இருக்கிறது, அதைக் காப்பாற்றிக்கொண்டு நேரத்தில் பாதிக்கு மேல் வாசிப்புக்குக் கொடுங்கள். தினமும் ஒரு பத்தி போதும்: படித்துவிட்டு, ஒவ்வொரு விடைக்கும் பத்தியில் எந்த வரி ஆதாரம் என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட முடியாத விடை ஊகம்தான்.

---

ஃப்ளஷிங் அக்கா பதில்:

தம்பி, இ.எல்.எல். பற்றி உங்களுக்குச் சொன்னது தவறு, அதை நம்பி எதுவும் செய்துவிடாதீர்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் பிள்ளைக்கு இந்தத் தேர்வில் இரண்டு மடங்கு நேரம், அதாவது 360 நிமிடம். 95 நொடி என்று மேலே சொன்னாரே, உங்கள் மகளுக்கு அது 190 நொடி ஆகிறது. வாசிப்பு மெதுவாக இருக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை. பட்டியலிலிருந்து வெளியே வருவது வசந்த காலத்தில் நடக்கும் என்.ஒய்.எஸ்.இ.எஸ்.எல்.ஏ.டி. என்ற ஆங்கிலத் திறன் தேர்வை வைத்துத்தான், நீங்கள் கேட்டு வாங்குவது இல்லை. நன்றாக எழுதி வெளியே வந்தாலும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு இந்தச் சலுகை தொடரும், அதற்காக அந்தத் தேர்வில் குறைத்து எழுதச் சொல்லவேண்டாம். எட்டாம் வகுப்பு தொடங்கியதும் கைடன்ஸ் கவுன்சிலரிடம் போய், மகளின் பதிவில் கூடுதல் நேரம் ஏறியிருக்கிறதா என்று நேரில் கேளுங்கள். கணக்குச் சொற்பட்டியல் சில மொழிகளில் கொடுக்கிறார்கள், வங்காளமும் உருதுவும் இருக்கின்றன, தமிழ் இல்லை. அதனால் விகிதம், மீதி, சராசரி, சுற்றளவு இதற்கெல்லாம் ஆங்கிலச் சொல்லை இப்போதே மனதில் ஏற்றிவிடுங்கள்.

பதிவு: அக்டோபரில் திறக்கும், பெரும்பாலும் மாதக் கடைசியோடு மூடிவிடும். மைஸ்கூல்ஸ் என்ற கல்வித்துறை இணையதளத்திலோ கவுன்சிலர் வழியாகவோ செய்யணும், தானாக நடக்காது. ஆண்டுதோறும் பிள்ளைகள் தேர்வை இழப்பது படிக்காததால் மட்டும் இல்லை, இந்தத் தேதியைத் தவறவிட்டும்தான்.

டிஸ்கவரி பற்றி யாரும் சொல்லவில்லையே. ஒவ்வொரு பள்ளியிலும் 20 சதவீத இடம் அதற்கு. கட்-ஆஃப்புக்குக் கொஞ்சம் கீழே வந்த, வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள் கோடைப் பயிற்சியை முடித்து உள்ளே வரும் வழி. ஆனால் வீட்டு வருமானம் குறைவாக இருந்தால் மட்டும் போதாது, பிள்ளை படிக்கும் மிடில் ஸ்கூலின் பொருளாதாரத் தேவைக் குறியீடும் (அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் வறுமை அளவைக் காட்டுவது) 60 சதவீதமாவது இருக்கணும். உங்கள் பள்ளியின் குறியீட்டை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

---

எஃப் ரயில் பதில்:

பெல்ரோஸில் இருந்து தூரத்தைப் பார்த்து வரிசை போடுங்கள், தினமும் போய் வரப்போவது பிள்ளை. உங்களுக்கு எட்டிய தூரத்தில் இருப்பது ஜமைக்காவில் யார்க் கல்லூரி வளாகப் பள்ளி. ஸ்டைவசன்ட் மன்ஹாட்டனின் தெற்கு முனையில்: பஸ்ஸில் 179-ஆவது தெரு, அங்கிருந்து எஃப் ரயில், பிறகு மாறணும். ஸ்டேட்டன் ஐலண்ட் டெக்கை வெறும் கட்-ஆஃப் பார்த்து மேலே போடுவது குயின்ஸ் வீடுகளுக்குச் சரிவராது, இடையில் படகுப் பயணமே இருக்கிறது. பாடமும் மாறும். புரூக்ளின் லத்தீனில் நான்கு ஆண்டும் லத்தீன், சீருடையும் உண்டு. ஸ்டேட்டன் ஐலண்ட் டெக்கில் ரஷ்ய மொழி. புரூக்ளின் டெக் ஆறாயிரம் மாணவர்களை நெருங்கும் பெரிய பள்ளி, பின்னால் ஒரு துறையைத் தேர்ந்தெடுக்கணும். லேமன் பள்ளி அதற்கு நேர்மாறு, மிகச் சிறியது, அமெரிக்க வரலாறு அழுத்தமாக.

இன்னொன்று: ஏழாம் வகுப்பு மார்க் இந்தத் தேர்வுக்கு வேண்டாம் என்பதால் வேண்டவே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மார்க் பார்த்துச் சேர்க்கும் மற்ற பள்ளிகளுக்கு (ஸ்கிரீன்டு பள்ளிகள் என்பார்கள்), ஃப்ளஷிங்கில் டவுன்சென்ட் ஹாரிஸ் போன்றவற்றுக்கு, முக்கியமே அந்த மார்க்தான். சராசரி 90-க்குக் குறையாமல், தன் பள்ளியிலோ நகர அளவிலோ முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால், இடம் கொடுக்கும்போது முதலில் பார்க்கப்படும் முதல் குழு. பல பள்ளிகளில் அந்தக் குழுவுக்குள் யார் முன்னால் என்பது விண்ணப்பத்தோடு வரும் குலுக்கல் எண்ணைப் பொறுத்தது. எண்ணும் எழுத்தும் கலந்து நீளமாக இருக்கும், முதல் இரண்டு எழுத்தைப் பார்த்தால் போதும். 0, 1 என்று தொடங்கினால் முன்னால், e, f என்றால் பின்னால். இந்த விண்ணப்பம் தனி, முடிவும் தனி. மார்ச்சில் இரண்டிலும் இடம் வரலாம், ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் போதும். இவளுக்கு இன்னும் ஜூன் வரை ரிப்போர்ட் கார்டு பாக்கி இருக்கிறது, எஸ்.எச்.எஸ்.ஏ.டி. வகுப்புக்காக வீட்டுப்பாடத்தைத் தள்ளவேண்டாம்.

---

பெல்ரோஸ் அப்பா:

யார்க், ஸ்டைவசன்ட், பிராங்க்ஸ் சயன்ஸ் மூன்றையும் மகளோடு போய்ப் பார்த்துவிட்டு வரிசையை அவளையே எழுதச் சொல்கிறேன். கூடுதல் நேரம் பற்றியும் குறியீடு பற்றியும் திங்கட்கிழமை கவுன்சிலரைக் கேட்கிறேன். அக்காவுக்குத் தனியாக நன்றி.